நாய்க்குட்டி, கைக்குழந்தை, புத்தக அலமாரி: மூன்றும் ஒரே வீட்டில் சரிப்படுமா?

கேள்வி: இரண்டு அறை உள்ள வாடகை வீடு. ஒன்பது மாதக் குழந்தை, இரண்டு மாத நாய்க்குட்டி, நானூறு புத்தகங்கள். ஏதாவது ஒன்றைத் தள்ளிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மூன்றையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் யாராவது உண்டா?

உண்டு. ஆறு வருடமாக.

அந்த 'எல்லாரும்' யார் என்று எனக்குத் தெரியும். மாமியார், ஒரு சித்தப்பா, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க வருகிற கணவரின் நண்பர். குழந்தையைத் தள்ளிவிடச் சொல்ல முடியாது. அதனால் பேச்சு நாயில் ஆரம்பித்துப் புத்தகத்தில் போய் முடியும். "இதெல்லாம் படிச்சாச்சுல்ல, இன்னும் எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இதுவரை எனக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, நாய் பழக்குகிறவளும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 'நாய் வளர்ப்பதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு' என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு: என் நாய் தண்ணீர் லாரிக்கு அடியில் கிடைத்தது.

2019 ஜூன். சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடை மறந்திருக்காது. ஏரிகள் வறண்டு குழாயில் காற்று மட்டும் வந்த காலம். தெருவில் லாரி வரும், முந்தின இரவே குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடிக்க வேண்டும். ஒரு விடியற்காலை என் பச்சைக் குடத்துக்கும் எதிர்வீட்டு அக்காவின் நீலக் குடத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது. ஒன்றரை மாதம் இருக்கும். லாரி கிளம்பியபோது அதன் சக்கரத்துக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அந்த இடுப்பில் ஏழு மாதமாக இன்னொருத்தி, என் மகள், உட்கார்ந்திருந்தாள் என்பது வீட்டுப் படி ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது. நாய்க்கு மிளகு என்று பெயர் வைத்தோம்.

உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ஈறு ஊறுகிறது, கையில் கிடைத்தது வாய்க்குப் போகிறது. நாய்க்குட்டிக்கு மூன்று, நான்கு மாதத்தில் பால்பல் விழ ஆரம்பிக்கும். 28 பால்பல் போய் 42 பல் முளைத்து முடியும்போது குட்டிக்கு ஆறு ஏழு மாத வயது ஆகியிருக்கும். ஆக ஒரே வீட்டில் ஈறு ஊறுகிற இரண்டு உயிர்கள், இரண்டும் தரையோடு தரையாக ஊர்கின்றன. அந்த உயரத்தில் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? அலமாரியின் கீழ்த்தட்டு. கனமான புத்தகங்களை அங்கேதானே வைப்போம்? நானும் அங்கேதான் வைத்திருந்தேன்.

அதில் அம்மாவின் பைண்டு புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் மதுரை. எண்பதுகளில் அம்மா வாரப்பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்தார். உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். பழுப்பு அட்டை, காலிகோ துணி முதுகு, கதைப் பக்கத்துக்குப் பின்னால் பாதி ஜோக்கும் பாதி சமையல் குறிப்பும். அந்தத் தொடரை விடவும் பின்பக்கத்துப் பாதி ஜோக்குகள்தான் எனக்குப் பாடம். மற்ற பாதி என்னவாக இருக்கும் என்று யோசித்தே வளர்ந்தேன். அம்மா 2016இல் போய்விட்டார். நகையைத் தம்பியும் நானும் பிரித்துக்கொண்டோம். இதை அவன் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம். நான் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஓட வேண்டும். ஓடிப் பார்த்தால், புத்தகத்தின் முதுகை மிளகு கவ்வியிருக்கிறது, அட்டையை மகள் பிடித்திருக்கிறாள், இரண்டு பேரும் இழுக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், மிளகும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட கத்தலில் இரண்டும் பயந்து விட்டுவிட, குட்டியின் பல் மகளின் கட்டைவிரலில் கோடு போட்டது. ரத்தம் வரவில்லை. சிவப்பாக ஒரு கோடு.

மிளகுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட இன்னும் ஒரு வாரம் இருந்தது.

நாய்ப்பல் பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று தெரியும். தண்ணீர் எங்கே ஓடுகிறது? இரண்டு குடத்தையும் மொண்டு மொண்டு அவள் விரலில் ஊற்றினேன். அடுத்த நாள் மதியம் வரைக்குமான தண்ணீர் அது. கணவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொன்னார். அப்புறம் ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடுகிற ஊசி, அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள். 'வீட்டுக்குட்டிதானே, சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியே இல்லை என்று சொல்லலாம். உடனே கழுவி, ஊசியைத் தவறாமல் முழுதும் போட்டுவிட்டால் அநேகமாகப் பயம் இல்லை.

திரும்பி வந்தால் மிளகு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. வாந்தியில் காலிகோ துணியும் அச்செழுத்தும். கையில் குழந்தையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பசைம்மா அது?"

பழைய புத்தகத்தை நாய் ஏன் தேடிப்போய்க் கடிக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. மைதாப் பசை. நமக்குப் புத்தக வாசம், அதற்குச் சப்பாத்தி வாசமோ என்னவோ. மதுரையில் பைண்டிங் கடை அண்ணாச்சி இன்னும் இருக்கிறாரா என்று தம்பி தேடிப் பிடித்து அவரையே போனில் கொடுத்தான். "மைதா காய்ச்சுறப்ப மயில்துத்தம் போடுவோம் தாயி, பூச்சி அண்டாது. உங்கம்மா கூடக் கொஞ்சம் போடுங்கன்னு நின்னு வாங்கிட்டுப் போவாங்க" என்றார். மயில்துத்தம் விஷம், வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும். உள்ளே போனது கொஞ்சம்தான், வாந்தி எடுத்ததே நல்லது என்று ஊசி போட்டு இரவு முழுக்கக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு மடியில் ஊசி போட்ட குழந்தை, காலடியில் ஊசி போட்ட நாய். நான் அழுதது இரண்டுக்காகவும் இல்லை, அம்மா பசையில் கூடக் கொஞ்சம் போடச் சொன்னதைக் கேட்டுத்தான். தன் புத்தகத்தைப் பூச்சி தின்னக்கூடாது என்று அத்தனை கவனம். அதை நான் தரைத்தட்டில் வைத்திருந்தேன்.

மறுநாள் அத்தை, என் மாமியார், "நாயை எங்கயாவது விட்டுட்டு வா" என்றார். அவரை வில்லி ஆக்க எனக்கு விருப்பமில்லை, பேத்தியின் கையில் ஊசி குத்தியதைப் பார்த்தவர். ஆனால் 'குழந்தையை விட நாய் பெரிதா' என்று இங்கே எழுதப்போகிறவர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இரண்டையும் தனியாகக் கூடத்தில் விட்டது யார்? நான். குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடம்கூடப் பெரியவர் இல்லாமல் விடக்கூடாது என்பது அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சட்டம். குக்கர் விசில் யாரோ எண்ணட்டும்.

அடுத்தது பூச்சி. மிச்சப் புத்தகங்களைக் காப்பாற்ற அலமாரி முழுக்கப் பாச்சா உருண்டை போடச் சொன்னார் சித்தப்பா. போடாதீர்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தையும் நாயும் வாயில் போட்டுக்கொள்ளும், இரண்டுக்கும் ஆபத்து. சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவே உடைந்துபோகும். நான் வேப்பிலையும் வசம்பும் வைக்கிறேன். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், பட்டை, மிளகு எல்லாம் இடித்துத் துணியில் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பட்டியலில் மிளகு இருப்பதைப் படித்ததும் கணவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பு எங்கள் வீட்டில் புத்தகம் வளர்க்கிறது. ஆனால் அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், குழந்தைக்கு உரைத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் குழந்தை மருத்துவர் அதில் கண்டிப்பு.

இராமபாணத்தை மட்டும் ஒழிக்க முடியவில்லை. வெள்ளியாக ஓடுமே, அந்தப் பூச்சி. அது நாயை விட மோசம், சத்தம் போடாமல் தின்னும்.

அதை விட மோசம் இரவல் வாங்குகிறவர்கள். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என்னிடம் இரவல் நோட்டு ஒன்று இருக்கிறது. ஆறு வருடக் கணக்கு: மிளகு தின்றது இரண்டு புத்தகம், அதில் ஒன்று வருமான வரி கைடு. மகள் கிழித்தது பதினொன்று, பாதி அவளுடையதே. இரவல் போய் வராதது முப்பத்தேழு. ஜனவரியில் புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புழுதியில் நடந்து, பத்து சதவீதத் தள்ளுபடிக்குக் கால் கடுக்க நின்று வாங்கியவை. கணவரின் அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் மட்டும் ஒன்பது எடுத்துப் போயிருக்கிறார். அவர்தான் என்னிடம் "நாய் இருந்தா புத்தகம் மிஞ்சாதுங்க" என்று சொன்னவர். ஒரு நாள் மிளகு அவர் செருப்பைத் தின்றது. நான் தடுக்கவில்லை.

வாடகை வீடு என்றீர்கள், அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021இல் நான்காவது மாடிக்கு மாறினோம். நாய்கள் லிப்டில் வரக்கூடாது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. விலங்குகள் நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினேன். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டால்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிப்டும் அப்படியே என்று அதில் இருக்கிறது. "இது சட்டம் இல்லம்மா, வழிகாட்டுதல்" என்று ஓய்வுபெற்ற சார் ஒருவர் கூட்டம் போட்டு விளக்கினார். கைக்குழந்தை அழுகை லிப்டில் எதிரொலிக்கிறது என்றும் அதே கூட்டத்தில் பேசினார்கள். அதற்கு மட்டும் நோட்டீஸ் ஒட்டவில்லை. மாநகராட்சி உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் கண்டால் சில பேர் வாய் மூடுவார்கள்.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. ஆங்கில வழிப் பள்ளி. தமிழ் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறுவாள், நான் திருத்துவேன், அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். போன கோடையில் ஒரு நாள் மிளகின் முதுகில் சாய்ந்துகொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். 'ழ'வெல்லாம் 'ல' ஆகித்தான் வந்தது. மிளகு திருத்தவில்லை. சிரிக்க வேண்டாம், அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999இலேயே இதைத் திட்டமாகத் தொடங்கியிருக்கிறார்கள், பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக் காட்டுவது. எங்கள் வீட்டில் யாரும் திட்டம் போடவில்லை, தானாக நடந்தது.

அவள் வாசித்துக்கொண்டிருந்தது அம்மாவின் பைண்டு. முதுகு போய், நடுவில் ஏழு வாரம் போய், மிச்சத்தை நான் டேப் ஒட்டி வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் "இங்க மிளகு சாப்பிட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினாள். காணாமல் போன இடத்தில் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டாள். பதின்மூன்று வயதில் படித்தது, எனக்கும் மறந்துவிட்டது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, பழைய பத்திரிகைகள் வைத்திருக்கிறார்கள், லீவில் போய்த் தேடலாம் என்றேன். வேண்டாமாம். அந்த ஏழு வாரத்துக்கும் அவளே கதை எழுதி முடித்துவிட்டாள். அதில் ஒரு நாய் வருகிறது.