செம்மண் சரிவுக்கு எந்தப் பெடல்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத் தடங்களில் இரண்டு ஆண்டுகளாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். மேடுபள்ளங்களில் கால் பெடலை விட்டுத் துள்ளுவதால் ஷூவைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாற நினைக்கிறேன். விழும்போது கால் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதையே அளவுகோலாக வைத்துப் பெடலைத் தேர்ந்தெடுங்கள். ஷூவின் அடியில் திருகப்பட்ட கிளீட் என்னும் சிறு உலோகத் துண்டைப் பெடலின் ஸ்பிரிங் கவ்விக்கொள்கிறது, குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடுகிறது. நம் தடங்களைப் பொறுத்தவரை, கால் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதைவிட, வேண்டிய நொடியில் எவ்வளவு எளிதாக விடுபடுகிறது என்பதே முக்கியம்.

கிளீட்டில் மூன்று திருகு வகை சாலைப் பந்தய வண்டிக்கானது, அதை விட்டுவிடுங்கள். இரண்டு திருகு வகையில் கிளீட் ஷூவின் பள்ளத்துக்குள் அடங்கியிருப்பதால், பால்வெட்டுக்காரர்கள் நடந்து தேய்த்த செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் முடியும்.

இந்த வகையில் ஷிமானோ நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. அமைப்பையே முதலில் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அதன் ஸ்பிரிங் இறுக்கத்தை 3 மி.மீ. ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள திருகு சாவி) நாமே குறைத்துக்கொள்ளலாம். பெடலோடு வழக்கமாக வரும் எஸ்.எச்.51 கிளீட்டுக்குப் பதிலாக எஸ்.எச்.56 கிளீட்டைத் தனியே வாங்கிப் பொருத்துங்கள்; குதிகாலை வெளியே திருப்பினால் மட்டுமன்றி, பதற்றத்தில் காலைச் சாய்வாக மேலே இழுத்தாலும் அது விடுபடும். ஏற்றத்தில் வேகமாக மேலிழுக்கும்போது சில வேளைகளில் தானாகவே கழன்றுவிடும் என்பது அதன் குறை, ஆனால் பழகும் காலத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கவ்வும் பகுதியைச் சுற்றி அகலமான தட்டு உள்ள பெடலாக இருந்தால், மாட்டாத காலையும் ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கும்.

மழைதான் நம் மாவட்டத்தின் பெரிய கேள்வி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால், ஆண்டில் பல மாதங்கள் செம்மண் களியாகவே கிடக்கிறது. தோட்டத்தில் இறங்கி நாலடி நடந்தாலே களியும் ரப்பர் சருகும் சேர்ந்து கிளீட் பள்ளத்தில் அடை போல அப்பிவிடும். குச்சியால் நோண்டி எடுக்காமல் எஸ்.பி.டி. மாட்டாது. மழையிலும் விடாமல் ஓட்டுகிறவர் என்றால் கிராங்க்பிரதர்ஸ் என்னும் நிறுவனத்தின் பெடல் ஏற்றது. நான்கு பக்கமும் மாட்டக்கூடிய அதன் திறந்த அமைப்பில் சேறு தங்காது. ஆனால் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற இயலாது, பித்தளைக் கிளீட்டும் சீக்கிரம் தேயும்.

கிளீட்டைப் பெருவிரல் மேட்டுக்குச் சற்றுப் பின்னே பொருத்தி, ஸ்பிரிங்கை மிகக் குறைந்த இறுக்கத்தில் வைத்து, முதலில் சுவரைப் பிடித்தபடியும் பிறகு புல்வெளியிலும் பழகுங்கள். பெரும்பாலும் வண்டி நிற்கும் தருணத்தில்தான் விழுவார்கள். சானல்கரையில் (கால்வாய்க் கரையில்) எதிரே மாடு வந்து பிரேக் பிடித்தபோது நானும் அப்படித்தான் விழுந்தேன். எனவே நிற்பதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிடுங்கள்.

முதல் சவாரி முடிந்ததும் கிளீட் திருகுகளை மறுபடி இறுக்குங்கள். திருகு தளர்ந்திருந்தால், நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டுமே திரும்பும். கிளீட் பெடலிலேயே நின்றுவிடும், கால் வெளியே வராது.