ஃபேர்னா செவப்பா, ஞாயமா, சுமாரா?

கேள்வி: வணக்கம் சார். என் பொண்ணு நாலாங்கிளாஸ் படிக்கிறா. ரிப்போர்ட் கார்டுல ஹேண்ட்ரைட்டிங்னு இருக்குற எடத்துல ஃபேர்னு எழுதியிருந்தாங்க. ஃபேர்னா அழகுதானேன்னு அவங்க அப்பாகிட்ட, மாமியார்கிட்ட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட எல்லாம் பெருமையா சொல்லிட்டேன். அப்புறம் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனா மிஸ் "எழுத்து இன்னும் தேறணும், தினம் ஒரு பக்கம் எழுத வைங்க"ங்கிறாங்க. ரேஷன் கடை போர்டுலயும் ஃபேர், மணமகள் தேவை விளம்பரத்துலயும் ஃபேர், இவ நோட்டுலயும் ஃபேர். ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான் சார்? (விருதுநகர் வாசகி)

பதில்: நீங்க நெனச்சதுல தப்பே இல்லம்மா, இந்த வார்த்தை பொறந்தப்போ அதோட அர்த்தம் அழகுதான். பழைய இங்கிலீஷ்ல கண்ணுக்கு இனிமையா இருக்குற எதையும் இப்படித்தான் சொன்னாங்க, ஆளு, எடம், வானம் எல்லாத்தையும். ஆனா மார்க் போடுற எடத்துக்கு வந்துட்டா கதையே வேற. எக்ஸலண்ட், குட், ஃபேர், புவர்னு படி இறங்கும், அதுல ஃபேர் குட்டுக்குக் கீழ, புவருக்கு மேல. கல்யாண வீட்ல சாப்பாடு எப்படின்னு கேட்டா "ம்ம்... பரவால்ல"ன்னு இழுப்போமே, அந்த எடம்.

அமெரிக்கா ஆஸ்பத்திரிகள்லயும் இதே மாதிரி ஒரு வரிசை வச்சிருக்காங்க: குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிக்கல். அங்க ஃபேர்னா ஆளு நெனவோட இருக்காரு, நாடி, பிரஷர் எல்லாம் நிலையா இருக்கு, ஆனா உடம்புல கொஞ்சம் அவஸ்தை இருக்கலாம்னு அர்த்தம். சொந்தக்காரங்க யாராவது போன்ல "கண்டிஷன் ஃபேர்"னு சொன்னா பதற வேண்டாம், முழுசா தேறிட்டாருன்னும் நெனச்சுக்க வேண்டாம்.

இத்தனை அர்த்தத்த எப்படி ஞாபகம் வச்சுக்கிறதுன்னா, நான் கிளாஸ்ல சொல்ற வழி ஒண்ணுதான், எதிர்ச்சொல் என்னன்னு பாருங்க. உங்க பொண்ணோட நோட்டுல ஃபேருக்கு எதிர் ரஃப், அதனால அது அடிச்சுத் திருத்தி முடிச்சு சுத்தமா எழுதின காப்பி. ரேஷன் கடைல எதிர் அன்ஃபேர், அதனால அது ஞாயம், ஃபேர் பிரைஸ் ஷாப்ங்கிறதத்தான் நம்ம போர்டுல நியாய விலைக் கடைன்னு எழுதிருக்காங்க. வரன் விளம்பரத்துல எதிர் டார்க், அதனால நிறம். ஃபேர் வெதர்னா எதிர் ஃபௌல், அதாவது மழை, சூறக்காத்து இல்லாம வானம் தெளிவா இருக்கு. ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்னு ஒருத்தர சொன்னா கொளம் வத்தினதும் பறந்துபோற கொக்கு மாதிரி ஆளுன்னு வச்சுக்கோங்க. ரிப்போர்ட் கார்டுல மட்டும் எதிர்ச்சொல் கெடையாது, மேலயும் கீழயும் படிதான் இருக்கு. தினம் ஒரு பக்கம் எழுத வைங்க, அவசரமில்லாம, நாலு கோடு போட்ட நோட்டுல, ஜி, ஒய் மாதிரி வாலு உள்ள எழுத்தெல்லாம் கீழ்க்கோட்டத் தொட்டு நிக்கிற மாதிரி. நாலாங்கிளாஸ்ல ஃபேர் வாங்கின கை அஞ்சாங்கிளாஸ்ல குட் வாங்கும், நான் நெறைய பிள்ளைங்ககிட்ட பாத்திருக்கேன்.

கேள்வி: நான் ஒம்பதாவது படிக்கிறேன் சார். எங்க அத்தை வீட்டுக்கு வந்தப்போ எங்க அக்காவ ஃபேரா இருக்கான்னு சொல்லிட்டு என்னப் பாத்து இவ ஃபேர் இல்லன்னு சொன்னாங்க. ஃபேருக்கு எதிர்ப்பதம் அன்ஃபேர்னு புக்ல போட்டிருக்கு. அப்ப என்ன அன்ஃபேர்னு சொல்லலாமா? (சேலம் மாணவி)

பதில்: சொல்லவே கூடாதுடா கண்ணு. அன்ஃபேர்ங்கிற வார்த்தை நடத்தைக்கு மட்டும்தான், தோலுக்கு வராது. ஒரே வேலைக்கு ஒருத்தருக்கு கூடவும் இன்னொருத்தருக்கு கொறச்சலாவும் சம்பளம் குடுத்தா அது அன்ஃபேர், ஒரு பிள்ளைக்கு ரெண்டு முறுக்கு, இன்னொண்ணுக்கு ஒண்ணுன்னு குடுத்தா அது அன்ஃபேர். உன் நிறத்துக்கு இங்கிலீஷ்ல டார்க், அவ்வளவுதான், அதுல கொறச்சல் எதுவுமே இல்ல. உங்க அத்தை ரெண்டு பிள்ளைங்கள பக்கத்துல நிக்க வச்சு நிறத்த ஒப்பிட்டாங்க பாரு, அதத்தான் இங்கிலீஷ்ல அன்ஃபேர்னு சொல்லணும்.

இன்னொண்ணும் சொல்றேன், ஃபேர்னா முதல்ல அழகுன்னுதான் இருந்துச்சு, வெளுப்பு நிறம்ங்கிற அர்த்தம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு, வெளுப்பா இருந்தாத்தான் அழகுன்னு அங்க உள்ளவங்க நெனச்சதால. அந்த ஊர்ல இன்னைக்கும் ஃபேர்னா முடியவும் சேத்துதான் சொல்வாங்க, ஃபேர் ஹேர்னா பொன்னிற முடி. நம்மூர்ல முடிய விட்டுட்டு தோல மட்டும் புடிச்சுக்கிட்டோம். 1975ல இந்தியாவுல வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் ரெண்டு வார்த்தையையும் சேத்தே வித்துச்சு, ஃபேரா இருந்தாத்தான் லவ்லிங்கிற மாதிரி. உலகம் முழுக்க எதிர்ப்பு கெளம்பி 2020ல அதே கம்பெனி ஃபேர எடுத்துட்டு க்ளோன்னு போட்டுச்சு. ஒரு வார்த்தை எவ்வளவு பேரு மனச நோகடிச்சிருக்குன்னு இதுலயே தெரியுதில்ல?

தமிழ்லயும் இதே மாதிரி ஒரு வார்த்தை இருக்கு, செம்மை. செந்தாமரைல அது நிறம், செங்கோல்ல அது வளையாத ஆட்சி, செந்தமிழ்ல அது நல்ல தமிழ். அகராதியில பாத்தா சிவப்பு, நேர்மை, அழகு மூணுமே போட்டிருக்கும். ஃபேர் மாதிரியே நிறமும் ஞாயமும் அழகும் ஒரே வார்த்தைக்குள்ள ஒக்காந்திருக்கு பாரு, ரெண்டு மொழிக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. ஆனா "அவ செவப்பா இருப்பா"ங்கிறத இங்கிலீஷ்ல ரெட்னு மட்டும் சொல்லிடாத, வெயில்ல வெந்து போயிட்டாளான்னு கேப்பாங்க. மாநிறத்துக்கு நம்ம வரன் விளம்பரத்துல போடுற வீட்டிஷ்ங்கிற வார்த்தையும் இந்தியாவ தாண்டினா பெருசா யாருக்கும் புரியாது.

கேள்வி: லீகலுக்கும் ஃபேருக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணு லீகலா இருந்தா ஃபேர்தானே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கிரிக்கெட்டையே எடுத்துக்கலாம். 2019 ஐபிஎல்ல ஜெய்ப்பூர் மேட்ச்ல நம்ம அஸ்வின் பந்து போட வந்து, பந்தப் போடாமலே, கிரீஸ விட்டு வெளிய போயிருந்த எதிரணி பேட்ஸ்மேன் பட்லர பந்து போடுற பக்கத்துலயே ரன் அவுட் பண்ணாரே, அன்னைக்கு ராத்திரி டீக்கடைலேருந்து டிவி வரைக்கும் நடந்த சண்டை முழுக்க இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுலதான். அம்பயர் அவுட் குடுத்தாச்சு, அதனால அது லீகல். ஆனா ஃபேரான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. லீகல் புஸ்தகத்துல இருக்கு, யாரு தொறந்து பாத்தாலும் ஒரே பதில்தான். ஃபேர் மனுஷங்க மனசுல இருக்கு, அதனாலதான் அடிச்சுக்குறாங்க.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா கிரிக்கெட் சட்டத்துல 41வது சட்டத்தோட தலைப்பே அன்ஃபேர் ப்ளே, இந்த மாதிரி ரன் அவுட் அந்தத் தலைப்புக்குக் கீழதான் இருந்துச்சு. சட்டப்படி அவுட்டு, ஆனா இருந்த எடம் அன்ஃபேர்ங்கிற கூரைக்குக் கீழ. 2022ல கிரிக்கெட் சட்டத்த எழுதுற எம்சிசி கிளப் அத அங்கேருந்து எடுத்து ரன் அவுட்டுக்கான 38வது சட்டத்துல சேத்துட்டாங்க. அவுட் அப்பவும் அவுட்தான், இப்பவும் அவுட்தான், மேல ஒட்டியிருந்த வார்த்தை மட்டும் போச்சு. பேட்ஸ்மேன் பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டடி ஓடிட்டு நிக்கிறது மட்டும் ஃபேரான்னு நான் கேப்பேன், அதனால அந்த மாத்தம் சரிங்கிறதுதான் என் கட்சி.

கேள்வி: இன்டர்வியூல "மை இங்கிலீஷ் இஸ் ஃபேர்லி குட்"னு சொன்னேன். ரொம்ப நல்லா பேசுவேன்னு சொன்னதாத்தான் நெனச்சேன். ஃப்ரெண்டு சிரிக்கிறான். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஃபேர்லின்னா ஓரளவுக்கு. ஓரளவுக்கு நல்லா பேசுவேன்னு சொல்லியிருக்கீங்க, அது பொய்யில்லாத அடக்கமான பதில்தான், சிரிக்க ஒண்ணுமில்ல, ரொம்ப நல்லான்னு சொல்லணும்னா வெரி குட் போதும். ஆனா எ ஃபேர் அமௌண்ட்னு வந்தா கொஞ்சம்னு நெனச்சிராதீங்க, அது கணிசமா, நெறையவேங்கிற பக்கம். "ஐ ஹேவ் எ ஃபேர் அமௌண்ட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்"னு சொன்னா நல்ல அனுபவம் இருக்குன்னு எடுத்துப்பாங்க. "தே ட்ரீட்டட் மீ ஃபேர்லி"ன்னா மறுபடி ஞாயம், பாரபட்சம் இல்லாம நடத்தினாங்கன்னு.

கேள்வி: துபாய்ல வேல பாக்குறேன். லீவு ஏன் வேணும்னு மேனேஜர்கிட்ட வெளக்கிச் சொன்னேன், அவரு "ஃபேர் இனஃப்"னாரு. போதும் நிறுத்துன்னு சொல்றாரோன்னு கம்முனு வந்துட்டேன்.

பதில்: அடடா, நீங்க சொல்றது ஞாயம்தான், சரின்னு ஒத்துக்கிட்டாரு தம்பி. அதுக்காக லீவு குடுத்துட்டாருன்னு ஆயிடாது, உங்க காரணத்தத்தான் ஏத்துக்கிட்டாரு. நாளைக்கே போயி எந்தத் தேதிலேருந்துன்னு எழுதிக் குடுத்துருங்க.

கேள்வி: புக் ஃபேர், பஸ் ஃபேர் ரெண்டும் இதே ஃபேர்தானா?

பதில்: ரெண்டுமே இல்ல. 1977லேருந்து சென்னையில நடக்குற புக் ஃபேருக்கும் நம்ம ஃபேருக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணு, வம்சம் வேற, அது திருவிழா நாளுங்கிற லத்தீன் வார்த்தைலேருந்து வந்தது. பஸ் ஃபேருக்கு ஸ்பெல்லிங்கே வேற, எஃப் ஏ ஆர் இ. டிக்கெட் காசு ஞாயமா இருந்துச்சுன்னு எழுதணும்னா ஃபேர் ஃபேர்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும், முன்னாடி ஏ-ஐ-ஆர், பின்னாடி ஏ-ஆர்-இ.