அடித்தது நோயாளியா, கூட வந்தவரா?

அன்புள்ள ஐயா,

என் மைனி மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம், கால் எலும்பு முறிந்து படுத்திருந்த ஒருவர் மூன்றாம் நாள் ராத்திரி ட்ரிப் ஸ்டாண்டைத் தூக்கி மைனியின் தோளில் அடித்துவிட்டார். பத்து நாள் முன்பு, டாக்டர் வரத் தாமதமானதற்கு ஒரு நோயாளியின் மகன் கன்னத்தில் அறைந்தான். இரண்டுக்கும் நிர்வாகம் சொன்னது ஒன்றுதான்: "இந்த வேலையில இதெல்லாம் உள்ளதுதான் சிஸ்டர்." தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. ஆனால் அந்த இரண்டு அடியும் ஒன்றல்ல.

மூன்றாம் நாள் ராத்திரி என்று படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். அந்த நோயாளி தினமும் குடிப்பவரா என்று மைனியிடம் கேளுங்கள். அப்படியானால், ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே குடி சட்டென்று நின்றிருக்கும். 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. சிலருக்கு வலிப்பும் வரும். 48 மணி நேரம் தாண்டினால் சித்தம் கலங்கலாம். சுவரில் பூச்சி ஊரும். ஊசியோடு வரும் சிஸ்டர் கொல்ல வருபவராகத் தெரிவார். திட்டி, கட்டிலோடு கட்டிப்போட்டால் வெறி கூடத்தான் செய்யும். குடிதான் காரணம் என்று முடிவு கட்டும் முன் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கிறதா, விழுந்ததில் தலையில் அடியா, ஆக்ஸிஜன் குறைவா என்று பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை அட்மிஷன் போடும்போதே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். மனைவியைத் தனியே கேட்டால்தான் உண்மையான அளவு வரும். எழுதியிருந்தால் குடி நின்ற பதற்றத்தை அடக்கும் டயசெபாமோ லோரசெபாமோ, கூடவே தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் டாக்டர் முன்கூட்டியே போட்டிருப்பார். இந்த அடிக்குப் போலீஸ் தேவையில்லை. ராத்திரி வார்டில் ஒற்றை நர்ஸை நிறுத்திய நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மகன் அறைந்தது குற்றம். 2008-இல் வந்த தமிழ்நாட்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம் (48/2008) தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். நர்ஸும் அதில் அடக்கம். தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்பார்கள். ஜாமீனே கிடைக்காது என்று அதற்குப் பொருளில்லை. அதை உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட் பார்த்துத்தான் தரும்.

சறுக்கல் புகார் எழுதும் விதத்தில் இருக்கிறது. "இன்னார் என்னைக் கன்னத்தில் அறைந்தார்" என்று மட்டும் எழுதினால் அது பி.என்.எஸ். (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 115(2)-இல் வரும் சாதாரணக் காயம். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. புகார் வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். எந்த ஷிஃப்ட், எந்த வார்டு, யூனிஃபார்மில் எந்த நோயாளிக்கு என்ன செய்துகொண்டிருந்தபோது அடி விழுந்தது என்று எழுதி, 48/2008 என்று சட்டத்தின் பெயரையும் போட வேண்டும்.

அடிபட்ட அன்றே குழித்துறை அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டிருக்கலாம். யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார் என்பது அதில் பதிவாகும். காயம் தெரியவில்லையே என்று பலர் போவதில்லை. கன்னச் சிவப்பும் தொட்டால் வலிப்பதும்கூட ஏ.ஆரில் எழுதத் தகுந்தவைதான். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்றது. அது மத்திய அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் போன கடிதம். உங்கள் மைனியின் முதலாளியை அது கட்டாது என்றாலும் காட்டிக் கேட்கலாம்.

பத்து நாள் கழிந்ததால் புகார் செல்லாமல் போகாது. தாமதத்துக்குக் காரணத்தை, நிர்வாகம் தடுத்திருந்தால் அதையும், ஒரு வரியில் எழுதிவிடச் சொல்லுங்கள். அவசரம் சிசிடிவிக்குத்தான். பெரும்பாலான கருவிகளில் 15 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேல் புதிது ஏறிவிடும். திரையைச் செல்போனில் படம்பிடித்தால் போதாது. கருவியிலிருந்தே நகல் எடுத்து, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வாங்க வேண்டும். அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.