லேசர் நிறமாலையியலில் முனைவர் பட்டம்: சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மகள் லேசர் நிறமாலையியலில், அதாவது மூலக்கூறுகளை லேசர் ஒளியால் அடையாளம் கண்டு அளக்கும் துறையில், ஆய்வு செய்ய ஆசைப்படுகிறார். வேலை கிடைக்குமா, கண்ணுக்கு ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும்: அவர் ஆராயப்போவது வாயுவில் திரியும் மூலக்கூறுகளையா, ஒரு பரப்பில் ஒட்டிக்கிடக்கும் மூலக்கூறுகளையா? துறையின் பெயர் ஒன்றுதான். ஆனால் அன்றாட வேலையும், முடிவு கிடைக்க ஆகும் காலமும், பிறகு கிடைக்கும் வேலையும் வேறு வேறு.

முதலில் வாயு. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில்தான் ஒளியை உறிஞ்சும். இப்படி உறிஞ்சும் ஒவ்வோர் இடத்தையும் கோடு என்பார்கள். மீத்தேனுக்கு 1.65 மைக்ரோமீட்டர் அருகே ஒரு தொகுதி கோடுகள் உண்டு, 3.3 அருகே அதைவிடப் பல மடங்கு வலுவான இன்னொரு தொகுதி. லேசரின் அலைநீளத்தை ஒரு கோட்டின் மேல் மெல்ல நகர்த்தி, எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்ப்பார்கள். குறைவது மிகச் சொற்பம் என்பதால் ஒளியை நெடுந்தூரம் ஓடவிட வேண்டும். 99.99 சதவீதம் எதிரொளிக்கும் இரண்டு ஆடிகளை 50 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தினால், உள்ளே புகுந்த ஒளி தேய்ந்தடங்கச் சுமார் 17 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் 5 கிலோமீட்டர் ஓடியிருக்கும். தேயும் வேகத்திலிருந்து வாயுவின் அளவைக் கணக்கிடலாம். லேசரின் பிரகாசம் ஏறி இறங்கினாலும் கணக்கு கெடாது. ஓ'கீஃப், டீக்கன் இருவரும் 1988-இல் வெளியிட்ட ரிங்-டவுன் முறை இது. ஆடியில் லேசாக அழுக்குப் படிந்து எதிரொளிப்பு 99.9 ஆகிவிட்டால் போதும், 5 கிலோமீட்டர் 500 மீட்டராகச் சுருங்கிவிடும்.

மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது ஆடியல்ல, வாயு அடைத்த கலத்தின் சாதாரண ஜன்னல் கண்ணாடி. இரு முகமும் இணையாக உள்ள 1 செ.மீ. தடிமன் கண்ணாடி பாதையில் இருந்தால், ஒளி அதற்குள் முன்னும் பின்னும் மோதி, லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தும்போது 10 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு என்று அலையலையாகப் பதிவாகும். காற்றழுத்தத்தில் மீத்தேன் கோட்டின் அகலமே 3, 4 கிகாஹெர்ட்ஸ்தான். அலையின் பள்ளம் ஒன்று அப்படியே உறிஞ்சல் கோடு போலத் தெரியும். வாயுவைப் பம்ப் வைத்து வெளியேற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பள்ளம் அப்போதும் இருந்தால் அது மீத்தேன் அல்ல. ஆப்பு வடிவ ஜன்னலைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினால் தொல்லை பெருமளவு தீரும். இந்தத் துறையின் உழைப்பில் பாதி, பொய் சிக்னலை இப்படிப் பிடிப்பதிலேயே போகிறது. அதில் அலுப்புத் தட்டாதவருக்குத்தான் இது சரிப்படும்.

பரப்பு இன்னும் கறாரானது. ஒரு சதுர செ.மீ.யில் ஒற்றை அடுக்காக உட்காரும் மூலக்கூறுகள் சுமார் பத்து கோடி கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு கன செ.மீ. காற்றில் அதைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல் உண்டு. அந்த ஒற்றை அடுக்கை மட்டும் தனியே பார்க்க, அகச்சிவப்பு லேசர் துடிப்பு (மிகக் குறுகிய ஒளிக்கீற்று) ஒன்றையும் கண்ணுக்குத் தெரியும் துடிப்பு ஒன்றையும் ஒரே புள்ளியில் ஒரே கணத்தில் விழவைப்பார்கள். இரண்டின் அதிர்வெண்ணும் கூடிய புதிய ஒளி பரப்பிலிருந்து கிளம்பும். சமச்சீரான உட்பகுதியில் அது பிறக்காது. பெர்க்லியில் ஒய்.ஆர். ஷென் குழு 1987 வாக்கில் நிறுவிய கூட்டு அதிர்வெண் முறை (SFG) இது. 100 ஃபெம்டோவினாடித் துடிப்பின் நீளம் வெறும் 30 மைக்ரோமீட்டர். ஒரு ஆடி தலைமுடி அகலத்தில் பாதி நகர்ந்தால் இரு துடிப்பும் சந்திக்காது, சிக்னல் பூஜ்ஜியம்.

இதோடு வெற்றிடம் வேறு. 10⁻⁶ டார் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், சுத்தமான உலோகப் பரப்பு ஒரே வினாடியில் மூடிவிடும். 10⁻¹⁰ டாருக்கு இறக்கினால் இரண்டே முக்கால் மணி நேரம் கையில் இருக்கும். அந்த நிலையை எட்ட எஃகு அறையை 150 டிகிரி வரை சூடாக்கி, ஓரிரு நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு கசிவு வந்தால் மீண்டும் முதலிலிருந்து. பரப்பு ஆய்வில் முதல் ஆண்டு பெரும்பாலும் கருவியோடு போராடுவதிலேயே கழியும் என்று எதிர்பார்த்துச் சேருவது நல்லது.

வேலையைப் பொறுத்தவரை வாயுப் பக்கத்தில் வழி நேரானது: புகைபோக்கி உமிழ்வு அளவீடு, சிப் தயாரிப்பு வாயுக்களில் ஈரப்பதம் கண்டறிதல், ஐசோடோப்பு விகிதம் அளத்தல், இந்தக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள். பரப்புப் பக்கத்தில் நுட்பத்தின் பெயரைச் சொல்லி ஆளெடுப்பது அரிது. வெற்றிடம், அதிவேக லேசர், வினையூக்கி, மின்வேதியியல் என்று கூடவே கற்றதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கண் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானதே. வாயு ஆய்வில் பெரும்பாலும் மில்லிவாட் டயோடு லேசர்கள். பரப்பு ஆய்வில் நான்காம் வகுப்பு, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை லேசர்கள். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது. 532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கான பாதுகாப்புக் கண்ணாடி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. ஒளியை எதிரொளித்துக் கண்ணில் பாய்ச்சக்கூடிய மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லாத ஆய்வகத்தில் சேர வேண்டாம்.

நேர்காணலில் மகள் கேட்க வேண்டியவை: ஒளிப்பாதையை மாணவரே அமைப்பாரா, அமைத்து வைத்ததை இயக்குவாரா? ஒரு லேசரை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? கடைசியாக முடித்த இருவருக்கு எத்தனை ஆண்டு ஆனது, இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வார இறுதியை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மூலக்கூறுகளின் உறிஞ்சல் கோடுகளைத் தொகுத்துள்ள ஹிட்ரான் தரவுத்தளத்திலிருந்து 1.65 மைக்ரோமீட்டர் அருகே ஒரு மீத்தேன் கோட்டை எடுத்து, பைத்தானில் வாய்ட் வடிவத்தை (உறிஞ்சல் கோட்டின் வடிவத்தைத் தரும் சூத்திரம்) 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் அதில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்றுக்கும் வரையட்டும். கோடு ஒடுங்கிக்கொண்டே வந்து, அறை வெப்பநிலையில் 560 மெகாஹெர்ட்ஸ் அருகே நின்றுவிடும். அதற்குக் கீழே ஏன் ஒடுங்க மறுக்கிறது என்று அவராகவே தேட ஆரம்பித்தால், விண்ணப்பத்தை அனுப்பட்டும்.