முறிந்த ஹீட்சிங்க் திருகு: கேள்விகளும் பதில்களும்

மடிக்கணினியின் கிராபிக்ஸ் கார்டில், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு சிறு திருகுகளில் ஒன்று முறிந்துபோனால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இந்தப் பழுதுகளைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதற்காக, எம்எக்ஸ்எம் கார்டின் (மடிக்கணினியிலிருந்து தனியே கழற்றக்கூடிய கிராபிக்ஸ் கார்டு) ஹீட்சிங்க்கைக் கழற்றினேன். ஒரு திருகின் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளேயே நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: திருகு இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தலை போனவுடன் தண்டின் மீதிருந்த இழுவிசையும் போய்விடுகிறது. ஆகவே இறுக்கும்போது முறிந்த தண்டு பெரும்பாலும் மரைக்குள் தளர்வாகவே நிற்கும். சில சமயம் கூர்மையான ஊசியால் ஓரத்தைத் தள்ளினாலே சுழன்று வெளியே வந்துவிடும். உங்களுடையது கழற்றும்போது முறிந்திருப்பதால், தொழிற்சாலையில் மரைக்கு இட்ட பூட்டுப் பசைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பசை பலத்துக்கு இளகாது, சூட்டுக்கு இளகும்.

மற்ற மூன்று திருகுகளையும் ஒரே மூச்சில் கழற்றாமல், அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்தி ஹீட்சிங்க்கை எடுங்கள். கார்டைத் திருப்பினால் பின்புறம் எக்ஸ் வடிவத்தில் ஓர் உலோகத் தகடு தெரியும். திருகுகள் இறங்கும் மரைத் தூண்கள் அந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. பல கார்டுகளில் தகட்டைப் பிடித்திருப்பது மெல்லிய ஒட்டுப்படலம் மட்டுமே என்பதால், இளஞ்சூடு காட்டிப் பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல நெம்பினால் அது தனியே வந்துவிடும். வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது: இனி நீங்கள் சூடேற்றுவதும் அரத்தால் தேய்ப்பதும் வெறும் இரும்புத் துண்டின் மீதுதான், கார்டின் மீதல்ல.

பிறகு சால்டரிங் அயர்னின் முனையைத் தண்டின் மீது அரை நிமிடம் வைத்து, சூடு ஆறுவதற்குள் சிறு மூக்குக் குறடால் இறுகப் பற்றி இடப்புறமாகத் திருப்புங்கள். பற்றுவதற்கு ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

கேள்வி: என் திருகு முறியவில்லை. தலையில் உள்ள கூட்டல் பள்ளம் மழுங்கி, திருப்புளி வழுக்குகிறது.

பதில்: அளவு தவறிய திருப்புளிதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். சரியான அளவுள்ள புதிய முனையை நன்றாக அழுத்திப் பிடித்து ஒருமுறை முயன்று பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தலையையே துளையிட்டு எடுத்துவிடலாம். ஹீட்சிங்க் மேலே வந்ததும் தண்டு தூணுக்கு மேல் நீட்டி நிற்கும், குறடால் பிடித்துக் கழற்றலாம். இதில் முதல் ஆபத்து உலோகத் தூள்தான். சுற்றிலும் சூடு தாங்கும் கேப்டன் டேப்பால் மூடிவிட்டுத் துளையிடுங்கள். தாமிரத் தூளும் அலுமினியத் தூளும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே காந்தத்தை நம்பாமல் ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். மற்ற மூன்று திருகுகளை முழுவதும் கழற்றிவிட்டு இந்த ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூடியில்லாத சிப்பின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் நின்றால் அந்த விளிம்பு சில்லுப் பெயர்ந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவுமில்லை.

கேள்வி: தண்டு தூணின் விளிம்புக்குக் கீழே முறிந்திருக்கிறது, பற்றுவதற்கு ஒன்றுமில்லை. திருகு எடுக்கும் கருவி வாங்கலாமா?

பதில்: இங்கே பயன்படும் திருகுகள் பெரும்பாலும் எம்2 அல்லது எம்2.5 அளவுள்ளவை, அதாவது 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அதன் நடுவில் துளையிட்டு, அந்தத் துளைக்குள் இன்னும் மெல்லிய கருவியைச் செருகித் திருகினால், முறிவது அந்தக் கருவிதான். அது கடினப்படுத்திய எஃகு என்பதால் மறுபடி துளையிடவும் முடியாது. இடஞ்சுழித் துளை முனை கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். துளைக்கும்போதே தண்டு கழன்று மேலேறிவரும் வாய்ப்புண்டு.

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, அந்தக் கரைசலில் பகுதியை மூழ்கவைத்துச் சூடாகவே வைத்திருந்தால், எஃகுத் திருகு மெல்ல மெல்ல அரிக்கப்பட்டுக் கரைந்துபோகும். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. பாத்திரம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்க வேண்டும். சில மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். ஆனால் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். திருகு ஒட்ட வேண்டும், தூண் ஒட்டக் கூடாது. தூணும் எஃகாக இருந்தால் இந்த வழி உங்களுக்கில்லை. தூண் பித்தளையாகவும் தகடு எஃகாகவும் இருந்தால், தூணின் நுனி மட்டும் நனையும்படி தொங்கவிட வேண்டும். கார்டிலிருந்து பிரித்தெடுத்த தகட்டுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: மூன்று திருகுகளோடு ஓட்டினால் என்ன? ஒரு மாதமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில்: எழுத்து வேலைக்கும் இணையம் பார்ப்பதற்கும் சில நாள் ஓட்டலாம். விளையாட்டு, வீடியோ தொகுப்பு போன்ற கனமான வேலைகளுக்கு வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் கிராபிக்ஸ் சிப்பின் பொது வெப்பநிலையையும், சிப்பிலேயே மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலையையும் தனித்தனியாகக் காட்டினால், கனமான வேலையின்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 10 முதல் 15 டிகிரிக்குள் இருப்பது இயல்பு. 20-ஐ நன்றாகத் தாண்டினால் ஒரு மூலை சரியாகப் பதியவில்லை என்று பொருள்.

கேள்வி: அந்த மூலையை எபாக்ஸி பசையால் ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் திருகின் வேலை ஹீட்சிங்க்கை நகராமல் வைப்பது மட்டுமல்ல, ஸ்பிரிங்கின் வழியாக அளவான அழுத்தத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருப்பதும்தான். பசையால் அதைச் செய்ய முடியாது. அடுத்த முறை கழற்றவும் முடியாது.

கேள்வி: மாற்றுத் திருகாக ஏதாவது ஒரு மடிக்கணினித் திருகைப் போடலாமா?

பதில்: மரை பொருந்துவது மட்டும் போதாது. இவற்றின் கழுத்தில் ஒரு படி இருக்கும். அது தூணில் முட்டியதும் திருகு நின்றுவிடும், அதற்கு மேல் இறுக்கியதால்தான் பல திருகுகள் முறிகின்றன. படியில்லாத திருகைப் போட்டால் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையின் நிதானத்தைப் பொறுத்ததாகிவிடும். அதே மாதிரியின் பழைய ஹீட்சிங்க் ஒன்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடி வாங்கி, அதிலுள்ள திருகை ஸ்பிரிங்கோடு எடுத்துக்கொள்வதே நல்லது. பின்தகடும் சேர்ந்து கிடைத்தால், முறிந்த தண்டை எடுக்கும் வேலையே இல்லை.

கேள்வி: திருகை மாற்றிய பிறகும் சூடு குறையவில்லை. நான்கும் இறுக்கமாகத்தான் இருக்கின்றன.

பதில்: சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டைகளான தெர்மல் பேடுகளையும் மாற்றினீர்களா? நினைவகச் சிப்புகளின் மீது 1 மில்லிமீட்டர் பேடு இருந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டர் வைத்தால் ஹீட்சிங்க் அதன் மீதே உட்கார்ந்துகொண்டு நடுவிலுள்ள சிப்பைத் தொடாமல் நிற்கும். ஒருமுறை திறந்து பாருங்கள். பேஸ்ட்டில் ஹீட்சிங்க் பதிந்த தடம் முழுச் சதுரமாக இல்லாவிட்டால் காரணம் அதுதான்.