140 கோடிப் பேர், ஆறு பதக்கம்: கேள்வி பதில்

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலத்தோடு இந்தியா 71-ஆம் இடத்தில் நின்றது. அதையொட்டி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவர், மதுரை: 140 கோடியில் பத்துப் பேர்கூடவா தங்கம் வாங்க மாட்டார்கள் சார்?

அந்த 140 கோடியை முதலில் ஓரமாக வையுங்கள் தம்பி. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர், நீச்சலில் இரண்டு பேர், ஹாக்கியில் ஒரே அணி. ஜனத்தொகைக்கு ஏற்ப யாரும் இடம் ஒதுக்குவதில்லை. சுமார் 28 லட்சம் பேர் வாழும் ஜமைக்காவும் பாரிஸில் ஆறு பதக்கம்தான் வாங்கியது. அதில் ஒன்று தங்கம் என்பதால் நமக்கு மேலே போய்விட்டது.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு மைதானத்தையும் ஒரு பயிற்சியாளரையும் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? அதுதான் நம் உண்மையான ஜனத்தொகை. பாரிஸ் கணக்கையே பாருங்கள். ஹாக்கியைத் தள்ளினால் ஐந்து பதக்கம். அதில் நான்கு ஹரியானாக்காரர்கள் வாங்கியவை. துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கருக்கு இரண்டு (ஒன்றில் ஜோடி சரப்ஜோத் சிங், அவரும் அம்பாலாக்காரர்), மல்யுத்தத்தில் அமன் செராவத், ஈட்டியில் நீரஜ் சோப்ரா. மனுவும் அமனும் ஒரே ஜஜ்ஜர் மாவட்டம். நாட்டு மக்களில் ஹரியானாக்காரர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

ஐ.டி. ஊழியர், கோவை: நம் உடல்வாகே விளையாட்டுக்கு ஏற்றதில்லை என்கிறார்களே?

நீரஜ் சோப்ரா சின்ன வயதில் குண்டுப் பையன். எடை குறையட்டும் என்று வீட்டார் கிராமத்திலிருந்து பானிபட்டுக்கு உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சிவாஜி மைதானத்தில் பெரிய பையன்கள் சிலர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். இவனும் வாங்கி எறிந்து பார்த்தான். டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கிய கதையின் ஆரம்பம் அவ்வளவுதான். அன்று அங்கே வாக்கிங் போகிறவர்கள் மட்டும் இருந்திருந்தால், இதே உடல்வாகோடு அவர் ஊரிலேயே இருந்திருப்பார்.

உடம்பைப் பற்றிப் பேசுவதென்றால் சோற்றைப் பற்றிப் பேசுவோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதை மரபணுக் கணக்கில் எழுதாதீர்கள்.

பலர்: கிரிக்கெட்தான் மற்ற விளையாட்டுகளைக் கெடுத்ததா?

ஆஸ்திரேலியாவும்தான் விழுந்து விழுந்து கிரிக்கெட் ஆடுகிறது. பாரிஸில் அவர்களுக்கு 18 தங்கம். அடுத்த கேள்வி.

ஓய்வுபெற்ற தபால்காரர், திருநெல்வேலி: ஹாக்கியில் எட்டுத் தங்கம் வாங்கினோமே ஐயா, அது எங்கே போச்சு?

1928 முதல் 1956 வரை வரிசையாக ஆறு, அப்புறம் 1964, 1980. நடுவில் 1976 மாண்ட்ரியலில் செயற்கைத் தரை விரித்தார்கள், நாம் ஏழாவது இடம். புல்லில் பந்து மெதுவாக வரும், மணிக்கட்டு வித்தை காட்ட நேரம் இருக்கும். செயற்கைத் தரையில் பந்து பறக்கும், ஆளும் கூடவே பறக்க வேண்டும். அந்தத் தரை போட நிறையப் பணம் வேண்டும். நம் பையன்கள் மண்ணில் பழகி, பெரிய போட்டியில் மட்டும் அதில் கால் வைத்தார்கள். 1980 தங்கமும் பல வலுவான அணிகள் மாஸ்கோவுக்கு வராதபோது கிடைத்தது. பிறகு 41 வருடம் கழித்து டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் மறுபடியும் வெண்கலம். 2018-இலிருந்து ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு ஸ்பான்சராக நின்றதற்கு இதில் பங்குண்டு.

வங்கி ஊழியர், சேலம்: அரசு பணம் கொடுப்பதில்லையா?

கொடுக்கிறது. பாரிஸ் தயாரிப்புக்கு மட்டும் சுமார் 470 கோடி ரூபாய். ஆனால் அது ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்களுக்குப் போகிறது. மேலே வருவதற்கு முந்தைய பத்து வருடச் செலவு அப்பாவின் பாக்கெட்டிலிருந்து. பிரிட்டன் 1996-இல் ஒரே ஒரு தங்கத்தோடு 36-ஆம் இடத்தில் கிடந்தது. லாட்டரிப் பணத்தைத் தேர்ந்தெடுத்த விளையாட்டுகளில் வருடக்கணக்காகக் கொட்டினார்கள். 2012-இல் 29 தங்கம்.

இங்கே நிர்வாகத்தையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தையே சர்வதேசக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள். பாரிஸுக்கு முந்தைய வருடம் மல்யுத்த வீராங்கனைகள் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி, பயிற்சியை விட்டுவிட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்தார்கள். எந்தப் பணம் இதைச் சரிக்கட்டும்?

பள்ளி ஆசிரியை, தேனி: பாரிஸில் ஆறு முறை நான்காம் இடம். வெறும் துரதிர்ஷ்டமா?

மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார், வெண்கலம் 200-க்குப் போனது. 1984-இல் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை நொடியில் நூறில் ஒரு பங்கில் விட்டார். தனித்தனியாகப் பார்த்தால் துரதிர்ஷ்டம்தான். ஆனால் ஐம்பது பேரை இறுதிச் சுற்றுக்கு அனுப்புகிற நாடு நான்காம் இடங்களை எண்ணி அழுவதில்லை. நாம் அனுப்புவதே கொஞ்சப் பேர் என்பதால் ஒவ்வொன்றும் வலிக்கிறது.

ஒரு தாய், விருதுநகர்: மகளுக்கு 11 வயது. ஓட்டத்தில் பள்ளியிலேயே முதல். என்ன செய்யட்டும் ஐயா?

இப்போதே ஒரே போட்டி என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. 14 வயது வரை ஓடட்டும், தாண்டட்டும், எறியட்டும். முட்டை, வேர்க்கடலை, பயறு தினமும் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று கேட்டு வையுங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், மறுநாளே வேறு ஆளைத் தேடுங்கள். பொய் வயதில் ஜெயித்துப் பழகிய பிள்ளைகள் சீனியர் பிரிவுக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் ‘போதும், நிறுத்து’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தமிழ்நாட்டு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பாட்டி கேட்டால் அதைச் சொல்லுங்கள்.