19 இலட்சம் கட்டித் தாதியர் பட்டம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். மகள் ஏ.எல். உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. தாதியாக வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அரச பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி காணுமா காணாதா என்ற நிலை. ஒரு தனியார் கல்லூரி நான்கு வருடத்துக்கு 19 இலட்சம் கேட்கிறது. மாத முடிவுக்குள் அட்வான்ஸ் கட்டினால் கழிவாம், படித்து முடித்தால் லண்டன் போகலாமாம். நிலையான வைப்பில் 9 இலட்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு லோன் எடுக்கவா, நகையை விற்கவா?

பதில்: அம்மா, அட்வான்ஸை இப்போது கட்டாதீர்கள். கழிவு போனால் போகட்டும்.

முதலில் கணக்கு. குறைகிற 10 இலட்சத்தை 14 வீத வட்டிக்கு எடுத்து ஐந்து வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் வரும், மொத்தம் ஏறக்குறைய 14 இலட்சம். சாதாரண வங்கிக் கடன் என்றால் அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும், மகள் சம்பளம் எடுக்க நான்கு வருடம் ஆகும். அதுவரை யார் கட்டுவது? இடையில் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தாலும் கைவைக்க வைப்பும் இருக்காது, நகையும் இருக்காது.

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, மகாபொல அல்லது பர்சரி என்ற மாணவர் உதவித்தொகை கிடைக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் போட்டி கடுமை. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பதால், கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தே நிற்கும். அதனால் விண்ணப்பத்தில் கொழும்பையும் ஜயவர்தனபுரவையும் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு எல்லாவற்றின் தாதியர் பட்டத்தையும் வரிசையில் சேருங்கள். மட்டக்களப்பில் ஹொஸ்டலில் இருந்து படித்தாலும் 19 இலட்சம் செலவாகாது.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மூன்று வருட டிப்ளோமா, படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு, முடிந்தால் அரச நியமனம். டிப்ளோமாதானே என்று சொந்தக்காரர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வேலை பார்த்துக்கொண்டே நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் முடிக்கலாம், தன் சம்பளத்தில். இந்த வழியின் தொல்லை காத்திருப்பு. விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சில வருடங்களுக்கு முந்திய ஏ.எல். பிரிவினரைப் பிறகு அழைப்பதும் நடக்கிறது. சேரும்போது எழுதும் பிணை ஒப்பந்தத்தில் எத்தனை வருடச் சேவை என்பதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சரி, லண்டன். பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கொழும்பில் சான்றிதழ் வாங்கினால் அங்கே நேராகத் தாதி ஆகிவிட முடியாது. அவள் முதலில் இலங்கைத் தாதியர் சபையில் பதிவாக வேண்டும். பிறகு ஆங்கிலப் பரீட்சை: ஐஈஎல்டிஎஸ் என்றால் மொத்தம் 7, எழுத்துக்கு மட்டும் 6.5 போதும். அப்புறம் கணினியில் எழுதும் தாதியர் பரீட்சைக்கு 83 பவுண், ஓஸ்கி செய்முறைப் பரீட்சைக்கு 794 பவுண். அரச டிப்ளோமா படித்த பிள்ளையும் இதே படிகளைத்தான் ஏற வேண்டும். 19 இலட்சம் கட்டியதால் ஒரு படிகூடக் குறையாது. 2024க்குப் பிறகு அங்கே வெளிநாட்டுத் தாதியரை எடுப்பதும் நன்றாகக் குறைந்திருக்கிறது. பட்டத்துக்கு மதிப்புள்ள இடங்கள் இல்லாமல் இல்லை: சவூதியில் டிப்ளோமாக்காரரை டெக்னீஷியன் என்றும், பட்டதாரியை ஸ்பெஷலிஸ்ட் என்றும் தரம் பிரிக்கிறார்கள்.

இரண்டு அரச வழியும் கைகூடாவிட்டால் தனியார் கல்லூரியை யோசிக்கலாம், தவறில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இங்கே முடித்தவர்களைத் தாதியர் சபை பதிவு செய்கிறதா? முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவரின் வாய்ச்சொல் கணக்கில் சேராது. தனியார் ஆஸ்பத்திரிகள் தாங்களே பயிற்சி கொடுத்து எடுப்பதற்கும் இதே கேள்விதான்.

பதிவு உறுதியானால், 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வட்டியை அரசு ஏற்கிறது, தவணையும் படிப்பு முடிந்த பிறகுதான். இருந்தால் நகையைத் தொடவே தேவையில்லை. வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும். அவசரம் வந்தால் அதன்மேல் கடன் எடுங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் மகளை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள். சிங்களம் தடுமாறுகிறது என்றால் அதற்கும். கொழும்பில் வார்டில் நிற்கிற முதல் நாளே அது தேவைப்படும்.